கைமாறிய தோட்டங்களும் கணக்கில் ஏறாத ஆண்டுகளும்

துரை மாறினாலும் தோட்டத்து ஆளுக்கு எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் இலங்கைப் பெருந்தோட்டங்களைப் பற்றிய பேச்சில் நெடுங்காலமாக உலவுகிறது. லண்டன் கம்பனி போனது, அரசு வந்தது. அரசு போனது, கொழும்புக் கம்பனி வந்தது. விடிகாலைப் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பும் மாலை நிறுவையும் அப்படியேதான் இருந்தன. ஆகவே இந்த மாற்றங்கள் தொழிலாளியின் மனதில் எந்தத் தடமும் பதிக்கவில்லை என்பார்கள். இப்படிச் சொல்பவர்களில் தொழிலாளர்மீது பரிவுள்ளவர்களும் உண்டு. ஆனாலும் இது பிழையான எண்ணம். யோசிக்கத் தெரிந்த மனிதர்களை யோசிக்காதவர்களாக்கிவிடுகிற எண்ணமும்கூட. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்கள் நூறு ஆண்டுகளாகச் சேர்ந்தும் பிரிந்தும் கைமாறியும் வந்த கதையைப் பார்த்தால், ஒவ்வொரு மாற்றத்தையும் அங்குள்ள மக்கள் மிகத் துல்லியமாக எடைபோட்டார்கள் என்பது தெரியும். வருகிறவர் வெள்ளைக்காரரா உள்ளூர்க்காரரா என்பது அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கவில்லை. சம்பளம்கூட இரண்டாவது கேள்விதான். இதுவரை உழைத்த ஆண்டுகளைப் புதியவர் கணக்கில் எடுப்பாரா, செக்ரோல் எனும் பெயர்ப்பதிவேட்டில் பேர் நிற்குமா, வரிசை வீடான லயத்தில் குடியிருக்கும் அறையான காம்பரா நிலைக்குமா என்பதே முதலில் கேட்கப்பட்டது. அதற்குக் கிடைத்த பதிலைப் பொறுத்தே தொழில்மீது பற்றோ வெறுப்போ வந்தது.

மலையகம் என்றதும் நுவரெலியாவும் அட்டனும்தான் நினைவுக்கு வருகின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சப்ரகமுவ அந்த வரலாற்றின் ஓரத்தில் நிற்கிறது. இங்கே தேயிலையோடு இறப்பரும் உண்டு. கேகாலையின் தாழ்ந்த குன்றுகளில் இறப்பரே முதன்மை. களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை 1903-இல் எட்டியாந்தோட்டையையும், 1912-இல் இரத்தினபுரியையும், 1919-இல் ஓப்பநாயக்கவையும் எட்டியதற்குக் காரணமே இந்தத் தோட்டங்கள்தான். உயர்மலையில் தோட்டத்தை ஒட்டி இன்னொரு தோட்டம் என்று மைல் கணக்கில் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகள் தொடரும். சப்ரகமுவவில் ஒரு தோட்டம் முடிந்தால் சிங்களக் கிராமம், அதைத் தாண்டினால் இன்னொரு தோட்டம். நிலத்துக்கு ஏங்கிய கிராமம் வேலிக்கு அப்பாலேயே இருந்ததால், தோட்டம் கைமாறும்போது உரிமையாளர் மாறுவதோடு கதை முடியாது. தோட்டம் தோட்டமாகவே இருக்குமா என்ற அச்சமும் கூடவே வந்தது.

இறப்பர் மலையில் பால் வெட்டுகிறவரின் வேலையை உற்றுப் பார்த்தால் ஆண்டுகளின் மதிப்பு விளங்கும். வெயில் ஏறுமுன் மரத்தடிக்குப் போக வேண்டும். முந்தைய வெட்டின் தழும்பில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, வளைந்த கத்தியால் பட்டையில் மெல்லிய சீவல் ஒன்றைச் சரிவாக இழுக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் ஊறாது. கொஞ்சம் அதிகம் போனால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு சிரட்டையைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரம். முற்பகலில் திரும்பிவந்து பாலை வாளியில் சேர்த்து, தோட்டத்து ஆலையான ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மழை பெய்து பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற இரத்தினபுரிப் பக்கத்தில் அப்படிப்பட்ட நாட்கள் கொஞ்சமல்ல. ஒருவர் இன்று வெட்டிய பட்டை வளர்ந்து மறுபடி வெட்டுக்கு வரப் பல ஆண்டுகளாகும். எந்த மரம் எப்போது பால் தரும், எது நின்றுபோகும் என்பதெல்லாம் ஒரே மலையில் பழகியவருக்குத்தான் தெரியும். அவருடைய திறமை அந்த மரங்களோடு கட்டுண்டது. தோட்டத்தை விற்கிறவர் அந்தத் திறமையையும் சேர்த்தே விற்றார். பத்திரத்தில் மட்டும் அது இடம்பெறவில்லை.

பழைய காலத்தில் வேறொன்று எழுதப்பட்டது. 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நடைமுறையில் இருந்த துண்டு முறையில், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகும் ஆளின் கையில், ஆட்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணிக்கு அவர் பட்ட கடன் குறிக்கப்பட்ட சீட்டு இருக்கும். அந்தத் தொகையைச் செலுத்தும் தோட்டம் அவரை எடுத்துக்கொள்ளும். தோட்டத்து எழுத்து தொழிலாளியைப் பற்றி முதலில் பதிந்து வைத்தது அவர் கொடுக்க வேண்டியதைத்தான். அவருக்கு வர வேண்டியதை அல்ல. கைமாற்றம் என்றாலே தன் பேரில் என்ன எழுதப்படுகிறது என்று தோட்டத்து மக்கள் விழிப்போடு கேட்டதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கடன் சீட்டு ஒழிந்த பிறகும் அந்த விழிப்பு ஒழியவில்லை.

இறப்பர் பெருகிய காலத்தில் சிறு தோட்டங்கள் பெரிய கம்பனிகளோடு இணைந்தன. நேற்றுவரை தனிப் பேரோடு இருந்த தோட்டம் இன்று ஒரு குரூப்பின் டிவிசன் ஆகும். கொழும்பு ஏஜென்சி நிறுவனத்தின் கணக்கில் இது செலவைக் குறைக்கும் ஏற்பாடு. தோட்டத்திலோ ஸ்டோர் மூடப்படும். கணக்கப்பிள்ளை வேறிடம் போவார். புதிய பெரிய துரைக்கு யார் எந்த லயத்தில் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்பது தெரியாது. பழைய துரை வாய்ச்சொல்லாகத் தந்திருந்த தோட்டத்துண்டும், மாட்டுப்பட்டிக்கான இடமும், வயதானவருக்குக் கிடைத்த இலகு வேலையும் ஒரே நாளில் கேள்விக்குள்ளாகும். இவற்றில் எதுவும் ஒப்பந்தத்தில் இல்லாததால் எதையும் மீறியதாகச் சொல்லவும் முடியாது.

1946-இல் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டத்தில் இந்த நிச்சயமின்மை வெடித்தது. கிராம விஸ்தரிப்புக்காக அரசு அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. அப்போது விவசாய, காணி அமைச்சராக இருந்தவர் டி. எஸ். சேனநாயக்க. நிலமற்ற கிராமத்தவருக்குப் பிரித்துக் கொடுப்பது நோக்கம். அது நியாயமான தேவையும்தான். ஆனால் லயங்களில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது வெளியேறும்படியான அறிவித்தல். அவர்கள் போக மறுத்தார்கள். இலங்கை இந்தியர் காங்கிரஸ் அழைத்த வேலைநிறுத்தம் அந்த ஒரு தோட்டத்தைத் தாண்டிப் பரவியது. வேறு தோட்டங்களில் வேலை பாதிக்கப்படாதவர்கள் ஏன் சம்பளத்தை இழந்து வேலையை நிறுத்தினார்கள்? யார் முதலாளி என்பது தமக்கு ஒன்றுதான் என்று நினைத்தவர்கள் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். தோட்டம் கைமாறினால் தொழிலாளியின் ஆண்டுகள் என்னவாகும் என்ற கேள்விக்கு அரசு தந்த பதில் அவர்கள் கண்முன் இருந்தது. அடுத்தது தம் லயமாக இருக்கலாம் என்று கணித்தார்கள். லயத்தை விட்டுப் போகாத தோட்டத் தொழிலாளி அத்துமீறலுக்காகத் தண்டிக்கப்படலாமா என்பது பிரிவி கவுன்சில் வரைகூடச் சென்றது. இருப்பவருடைய முதன்மை நோக்கம் எது என்று பார்க்க வேண்டும் என அது வகுத்த விதி மலேசியா, சிங்கப்பூர் நீதிமன்றங்களிலும் எடுத்தாளப்படுகிறது. வீட்டில் தொடர்ந்து இருப்பதும் பிறரைத் தொல்லைப்படுத்த இருப்பதும் வெவ்வேறு என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்ல ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கு தேவைப்பட்டது.

1972-இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனிநபர் உச்சவரம்பை 50 ஏக்கராக்கியது. அதன்படி ஏறத்தாழ 5,60,000 ஏக்கர் அரசிடம் வந்தது. கம்பனித் தோட்டங்கள் அப்போது தப்பின. 1975-இன் திருத்தச் சட்டம் அவற்றையும், இங்கிலாந்தில் பதிவான ஸ்டேர்லிங் கம்பனி என்றும் இலங்கையில் பதிவான ரூபாய்க் கம்பனி என்றும் பாராமல், 4,00,000 ஏக்கருக்கு மேல் எடுத்தது. தனியாருக்குச் சொந்தமான நடுத்தரத் தோட்டங்கள் நிறைந்த கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளை 1972-இன் முதல் அலையே பலமாகத் தாக்கியது. எடுத்த தோட்டங்களை யார் நடத்துவது என்பதில் அரசுக்குள் பெரும் சண்டை. பெருந்தோட்ட அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வாவின் லங்கா சமசமாஜக் கட்சியும் காணி அமைச்சர் ஹெக்டர் கொப்பேகடுவவின் தரப்பும் மோதிக்கொண்டன. 1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி ஆட்சியிலிருந்து வெளியேறியதற்கு அதுவும் ஒரு காரணம். களனிப் பள்ளத்தாக்கில் வேரூன்றிய கட்சி அது, 1936-இல் என். எம். பெரேராவை அரசுச் சபைக்கு அனுப்பியது ருவன்வெல்லைத் தொகுதி. அப்படிப்பட்ட கட்சியும் பங்கேற்ற விவாதத்தில் தோட்டங்கள் எந்த அமைச்சின்கீழ் வரும் என்பது பெரிதாகப் பேசப்பட்டது. அவற்றில் உழைத்தவர்களின் சேவைக்காலம் எந்த ஏட்டில் ஏறும் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பணிக்கொடையைத் தொழிலாளரின் சட்ட உரிமையாக்கிய சட்டம் வந்தது 1983-இல்தான்.

அந்த ஆண்டுகளில் தோட்டங்களில் பசியும் சேர்ந்துகொண்டது. 1973, 1974 உணவுத் தட்டுப்பாட்டில் கூப்பன் மாவும் அரிசியும் சுருங்கின. வேலை நாட்கள் குறைந்த தோட்டங்களில் மக்கள் மடிந்தார்கள். தேசியமயத்தில் நிலம் பெறும் தகுதி லயத்தவரில் பெரும்பாலோருக்குக் கிடையாது, ஏனெனில் 1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964-இன் இலங்கை-இந்திய ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்திருந்தது. தோட்டம் கைமாறியபோது அதில் இருந்தவர்களின் நாடே முடிவாகாமல் இருந்தது. அந்த நிலையில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் பலர். நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு ரப்பர் கழகமும் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுத்தன. கைத்திறன் அங்கே பயன்பட்டது. சேவைக்காலம் மட்டும் முதல் நாளிலிருந்து தொடங்கியது. டேன்டீ தன் நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022-இல் முடிவானபோது, அந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை மறுபடியும் குடியிருப்பைப் பற்றிக் கேட்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. அரசு உரிமையாளரான காலத்தில்தானே பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம ஊதியம் வந்தது, அதை மறைக்கலாமா என்று கேட்பார்கள். மறைக்கக் கூடாது, 1984-இல் கிடைத்த அந்தச் சமத்துவம் பெரிய வெற்றி. கொழுந்து மலையிலும் பால் வெட்டிலும் பெரும் உழைப்பைத் தந்தவர்கள் பெண்கள். ஆனால் அது அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தாலும், அமைச்சரவையில் இருந்த தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமானின் பேரம் பேசும் பலத்தாலும் பெறப்பட்டது. உரிமையாளர் மனமுவந்து தந்ததல்ல. மேலும் சப்ரகமுவவில் அரசுரிமைக் காலத்தின் நினைவில் வேறொன்றும் இருக்கிறது. 1977-லும் 1981 ஆகஸ்டிலும் தோட்ட லயங்கள் தாக்கப்பட்டன. 1981-இல் இரத்தினபுரி மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. தோட்டத்தின் சொந்தக்காரரே அரசு என்றிருந்தும் அந்த லயங்கள் எரிந்தன. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடும்பங்கள் போனது காம்பரா நிலைக்காது என்ற முடிவுக்கு வந்துதான். சம்பளம் உயர்ந்துகொண்டிருந்த காலத்தில் அவர்கள் போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேறொரு தொழிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வாதம் தெளிவாகும். 2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் ஒன்றாக்கப்பட்டபோது விமானிகள் கொதித்தார்கள். 2011-இல் ஊதியச் சமநிலைக்காக ஒரு தரப்பு வேலைநிறுத்தம் செய்தது. 2012-இல் ட்ரீம்லைனர் விமானத்தில் பயிற்சி யாருக்கு முதலில் என்பதற்காக மற்றத் தரப்பு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வேலைக்குப் போகவில்லை. நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு ஒன்று அமைத்துத்தான் இரண்டு பணிமூப்புப் பட்டியல்களையும் பதவி நிலைகளையும் இணைக்கும் வழியைத் தேட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் டிடபிள்யூஏ நிறுவனம் 2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்சோடு சேர்ந்தபோது, சேர்ந்தவர்களில் பலர் பட்டியலின் அடியில் தள்ளப்பட்டார்கள். அந்தக் கசப்பின் விளைவாக, பணிமூப்புகளை நியாயமான முறையில் இணைக்க வேண்டும் என்று 2007-இல் சட்டமே வந்தது. ஏணியின் உச்சியில் இருக்கும் விமானியையும் அடியில் இருக்கும் பால்வெட்டுக்காரரையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஊதியத்தில் ஒப்பிட முடியாது. ஆனால் இணைப்புக்குப் பின் எழும் மனநிலையில் இருவரும் ஒரே கேள்வியில் நிற்கிறார்கள்: நான் சேர்த்துவைத்த ஆண்டுகளைப் புதிய வீடு எங்கே வைக்கும்? விமானியிடம் சண்டை போட ஒரு பட்டியல் இருந்தது. இருபது வருடம் பால் வெட்டியவருக்கும் நேற்றுப் பேர் பதிந்தவருக்கும் செக்ரோலில் நாட்சம்பளம் ஒன்றே. அவருடைய மூப்பு லயத்திலும், தோட்டத்துண்டிலும், இலகு வேலையிலும் கலந்து கிடந்தது. ஆகவே அவருடைய போராட்டம் லயத்தைக் காக்கும் போராட்டமாக வெளிப்பட்டது. பார்ப்பவர்கள் அதைத் தொழில் தகராறாகவே எண்ணவில்லை.

1992-இல் பிரேமதாச அரசு, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் வைத்திருந்த ஏறத்தாழ 450 தோட்டங்களை 22 பிராந்தியக் கம்பனிகளாகத் தொகுத்துத் தனியார் நிர்வாகத்தில் விட்டது. 1995-இலிருந்து 51 சதவீதப் பங்குகள் விற்கப்பட்டன. நிலம் 53 ஆண்டுக் குத்தகை. சப்ரகமுவத் தோட்டங்கள் களனிவெளி, கேகாலை, காவத்தை, பலாங்கொடை, அப்புகஸ்தென்ன போன்ற கம்பனிகளின் பேருக்குள் போயின. கொழும்புப் பங்குச் சந்தையில் மாவட்டப் பேர்களும் ஊர்ப் பேர்களும் ஏறியது இப்படித்தான். இந்த முறை தொழிலாளருக்குப் பங்கும் கிடைத்தது: பத்து சதவீதம் இலவசமாக. கம்பனி ஆதரவாளர்கள் இதைப் பெரிய சான்றாகக் காட்டுவார்கள். தொழிலாளியே முதலாளி, இனி என்ன கவலை என்பார்கள். அந்தப் பங்கு உண்மையான சொத்துதான். ஆனால் பல்லாயிரம் பேரிடம் சிதறிய பத்து சதவீதத்தால் இயக்குநர் சபையில் ஒருவரைக்கூட அமர்த்த முடியாது. காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் கேட்டவருக்கு அது பதிலும் ஆகாது. 1998-இலிருந்து முதலாளிமார் சம்மேளனத்தோடு செய்யப்பட்ட கூட்டு ஒப்பந்தம் ஓரளவு பிடிமானம் தந்தது. சம்பளத்தோடு வேலை நிபந்தனைகளும் அதில் இருந்தன. 2021-இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கியதும் கம்பனிகள் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. சம்பளம் ஏறியது, எழுதப்பட்ட நிபந்தனைகள் இல்லாமற்போயின. இந்தப் பரிமாற்றத்தைத் தோட்டங்களில் பலர் ஆதாயமாகக் கருதாததற்கு நான் மேலே சொன்ன அளவுகோல்தான் காரணம்.

ஊழியர் சேமலாப நிதி 1958 முதலே இருக்கிறதே, ஆண்டுகள் அங்கே எழுதப்படவில்லையா என்றும் கேட்கலாம். எழுதப்படுகின்றன. அந்த எழுத்து தோட்டக் கந்தோரில் தொடங்குகிறது என்பதுதான் சிக்கல். செக்ரோலில் ஒரு பேர், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று. தோட்டம் கைமாறும்போதெல்லாம் ஏடுகளும் கைமாறும். வேலை விட்ட பிறகு பணத்தைக் கேட்கப் போகிறவர் மூன்று பேரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டும். மத்திய மாகாணத்தில் அரசிடமே எஞ்சிய தோட்டங்களில் சேமலாப நிதியும் பணிக்கொடையும் நிலுவையில் குவிந்தது நாடாளுமன்றத்தில் பலமுறை பேசப்பட்டது. அரசோ கம்பனியோ, ஆண்டுகளை எழுதிவைக்கும் பொறுப்பு ஒரே தரப்பிடம் இருக்கும்வரை தொழிலாளியின் ஐயம் தீராது. அந்த ஐயத்தைச் சோம்பல் என்றும் அக்கறையின்மை என்றும் எழுதியவர்கள், அது எதிலிருந்து பிறந்தது என்று பார்க்கவில்லை.

இப்போது நடப்பது இன்னொரு வகைக் கைமாற்றம். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கம்பனிகள் தேயிலை மலைகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குகின்றன. சிறுதோட்டத் தேயிலை செழித்திருக்கும் இரத்தினபுரியில் இதற்கு முன்மாதிரியும் பக்கத்திலேயே இருக்கிறது. மாதக் கடைசியில் கையில் கூடுதல் காசு வருகிறது என்று விரும்பி ஏற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கு தவறில்லை. ஆனால் பக்கத்துச் சிறுதோட்டக்காரருக்கு நிலத்துக்கு உறுதி இருக்கிறது, இவர்களுக்கு இல்லை. செக்ரோலிலிருந்து பேர் போனால் சேமலாப நிதியும் பணிக்கொடையும் போகும். லயத்தில் இருக்கும் உரிமைக்கு இதுவரை இருந்த ஒரே ஆதாரமும் போகும். கம்பனிகளின் 53 ஆண்டுக் குத்தகை 2045-இல் முடிகிறது. இன்று இருபது வயதில் பேர் பதிகிற பெண்ணுக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. சேமலாப நிதியை எடுக்கப் பெண்களுக்கு விதிக்கப்பட்ட வயது ஐம்பது. அவருடைய உழைப்புக் காலத்துக்குள்ளேயே தோட்டம் இன்னொரு முறை கைமாறப்போகிறது. அந்தப் பத்திரத்தை எழுதும் வேலை சீக்கிரம் தொடங்கும். நிலத்தின் பரப்பும் மரங்களின் எண்ணிக்கையும் ஸ்டோரின் இயந்திரங்களும் அட்டவணையில் இடம்பெறும். அதே அட்டவணையில் ஒவ்வொரு தொழிலாளியின் பேரும், பேர் பதிந்த தேதியும், காம்பரா இலக்கமும், அவருக்குச் சேர வேண்டிய தொகையும் ஏறவேண்டும் என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் 2045-க்குக் காத்திராமல் இப்போதே வைக்க வேண்டும்.